பெட்டிக் கதவைக் கழற்றிக்கொண்டு போனவர்

எங்கள் வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றி, அதைச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"தங்கச்சி, இந்த வீட்டில ஆர் எங்க படுக்கிறது?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஃபயர்பிளேஸ் பார்க்க வந்த மனிதருக்கு நாங்கள் படுக்கிற இடம் எதற்கு? என் கணவர் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, பென்சிலும் கையுமாகக் காத்துக்கொண்டு நின்றார். பதில் சொல்லாவிட்டால் வாசலைத் தாண்டமாட்டார் என்று தெரிந்தது. நாங்கள் கீழே, பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் மேலே என்றேன். மேலே எந்த அறை, கட்டிலின் தலைமாடு எந்தச் சுவரோடு என்று விடாமல் கேட்டார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்து நெடுத்த மனிதர். கனடாவில், மொன்ட்ரியால் நகரின் வடக்குப் பகுதியான மொன்ட்ரியால்-நோரில் இருந்தவர். தமிழ் ஆட்களுக்குள் புகைக்கூடு பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் 'புகைக்கூட்டு அண்ணை' என்றால் எல்லோருக்கும் தெரியும். 'பயந்தாங்கொள்ளி' என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். முகத்துக்கு நேரேயே அப்படிச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். அவர் கோபிக்கமாட்டார். ஓம், உண்மைதானே என்று தலையாட்டுவார்.

உண்மைதான். லிஃப்டில் ஏறமாட்டார், எட்டாம் மாடி என்றாலும் படிதான். விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிற உறைமழை வரும் என்று செய்தியில் சொன்னால் அன்று முழுக்க வாகனத்தைத் தொடமாட்டார். நாயுள்ள வீட்டில் நாயைக் குளியலறைக்குள் அடைத்த பிறகுதான் படியேறுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் ஃபயர்பிளேஸுக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டார். அது எரியாமல் வெறுமனே கிடந்தாலும் சரி. ஊரில் யாரையோ நெருப்பில் இழந்தவர், அதுதான் இப்படி என்று ஒரு கதை உலாவியது. நானும் அதை நம்பி, ஒருநாள் மெதுவாக வாயைக் கிளறினேன்.

"அப்பிடியொண்டும் இல்லை, தங்கச்சி. எனக்குச் சின்னனிலயிருந்தே எல்லாத்துக்கும் பயம். ஆக்கள் சும்மா கதை கட்டுகினம்" என்றார்.

அவரை நாங்கள் கூப்பிட்டது ஒரு கண்ணாடி மாற்றுவதற்கு. அவ்வளவுதான் வேலை என்று நினைத்திருந்தோம்.

மொன்ட்ரியாலை ஒட்டிய இல்-பிசார் தீவில் நாங்கள் வாங்கிய வீட்டின் வரவேற்பறையில் கல்லால் கட்டிய ஃபயர்பிளேஸ் ஒன்று இருந்தது. அதன் வாய்க்குள் முன்பிருந்தவர்கள் ஓர் இரும்புப் பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். முன்னால் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி போட்ட கதவு. பெட்டிக்குள் விறகு எரியும். புகை மேலால் புகைக்கூட்டுக்குள் போய்விடும். வீடு குடிபூரலன்று ஐயர் வரவேற்பறை நடுவில் ஓமம் வளர்க்கத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, வீட்டிலிருந்த புகை அலாரங்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். சின்னவள் வீரிட்டாள். அப்போதுதான் என் கணவருக்கு அந்த அருமையான யோசனை தோன்றியது. ஓமத்தைப் பெட்டிக்குள் வளர்த்தால் என்ன?

ஐயரும் குனிந்து பார்த்துவிட்டுச் சரியென்றார். கதவைத் திறந்துவைத்து நெய் விட்டார்கள். புகை அத்தனையும் மேலே போனது. அலாரம் வாயே திறக்கவில்லை. வந்திருந்தவர்கள் எல்லோரும் என் கணவரின் மூளையைப் புகழ்ந்தார்கள். புகைக்கூடு வைத்த ஓமகுண்டம் உலகத்தில் இவரிடம் மட்டும்தான் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, மனிதருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அதன்பின் வருடா வருடம் தை மாதத்தில் குடிபுகுந்த நாளன்று எங்கள் வீட்டில் ஓமம். மற்ற நாட்களில் குளிருக்கு விறகு. புகைக்கூட்டைத் துப்புரவாக்க வேண்டும் என்பது எங்கள் இருவர் தலையிலும் ஒருநாளும் ஏறவில்லை.

நான்காவது வருடம் பூரணாகுதிக்கு ஐயர் பட்டில் சுற்றிய தேங்காயை உள்ளே வைத்து, மிச்சமிருந்த நெய் முழுவதையும் ஊற்றினார். புகைக்கூட்டுக்குள் ஒரு சத்தம் எழுந்தது. முதலில் காற்று இரைவதுபோல இருந்தது. பிறகு மெட்ரோ வந்து நுழைகிற மாதிரி. கல் அதிர்ந்தது. கண்ணாடி படீரென்று வெடித்தது. முகத்தில் சூடு அடித்து எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். சில நிமிடங்களில் தானாக அடங்கிவிட்டது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கைகூப்பிக்கொண்டு நின்றோம். அக்கினி பகவான் நேரில் வந்து வாங்கிக்கொண்டார் என்றார் ஐயர். என் கணவர் கண்கலங்கினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு எல்லோருக்கும் வடையும் சர்க்கரைப் பொங்கலும் பரிமாறினேன்.

இதைத்தான் என் கணவர் புகைக்கூட்டு அண்ணைக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை அதுவரை தலையைப் பெட்டிக்குள் விட்டு முகர்ந்துகொண்டிருந்தவர். வெளியே வந்தபோது அவர் கையில் கருகிய பட்டு நூல் கொஞ்சம் இருந்தது. சத்தம் எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார். வீடியோவே இருக்கிறது என்று என் கணவர் போனை நீட்டினார்.

அவர் அதை இரண்டுமுறை பார்த்தார். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, போனை என்னிடம் தந்து ஓர் இடத்தை விரலால் காட்டினார். சத்தம் உச்சத்தில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் நெருப்பைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால், பயந்துபோன சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு படியேறி மேலே தன் அறைக்கு ஓடுகிறாள். அந்த வீடியோவை நான் இருபது பேருக்காவது அனுப்பியிருப்பேன். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நானும்தான்.

"இது சாமி வந்த சத்தம் இல்லை, தம்பி. புகைக்கூடு பத்தி எரிஞ்ச சத்தம்" என்றார்.

வருடக்கணக்கில் உள்ளே படிந்திருந்த புகைத் தாரில் நெய்ச்சுவாலை ஏறிப் பிடித்திருக்கிறது. நீண்ட கம்பியில் கட்டிய சின்னக் கமராவைப் புகைக்கூட்டுக்குள் விட்டு எங்களுக்குக் காட்டினார். உள்ளே அடுக்கியிருந்த சுட்டமண் குழாய்கள் நெடுகப் பிளந்து கிடந்தன. ஓரிடத்தில் பிளவு என் கை போகிற அகலம். பெட்டியின் மேல்தகடு வளைந்து கீழே தொங்கியது. இனி இதற்குள் ஒரு கடதாசித் துண்டைக்கூடக் கொளுத்தக் கூடாது என்றார்.

பிறகு மேலே போனார். பிள்ளைகள் அறையில், சின்னவளின் தலைமாட்டுச் சுவரில் புறங்கையை வைத்தார். ஒரு சாண் தள்ளி மறுபடியும் வைத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது தன்னுடைய 'மியுர் ஷோ' என்று பிரெஞ்சில் சொன்னாள். சூட்டுச் சுவர். குளிர்காலம் முழுவதும் அந்தச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டுதான் அவள் தூங்குவாள். பிள்ளைக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டவள் நான்தான்.

சுவருக்குப் பின்னால் புகைக்கூட்டை ஒட்டி மரச்சட்டம் இருக்கும், அது எப்படி இருக்கிறது என்பது சுவரை உடைத்தால்தான் தெரியும் என்றார் அவர். எங்களிடம் கேட்காமல் கட்டிலைத் தனியாளாக இழுத்து எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனார்.

என் கணவருக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. அவருக்கு உடனே வேறொரு விறகுப் பெட்டி வேண்டும். புகை குறைந்த, நகரசபை அனுமதித்த பெட்டிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றைப் போடலாம் என்றார். குளிர்காலத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது, ஓமத்துக்கு எங்கே போவது என்று அடுக்கினார். அண்ணை பொறுமையாகக் கேட்டார். புகைக்கூட்டை அடியிலிருந்து திருத்தி, உள்ளே இரும்புக் குழாய் இறக்கினால் அப்படியொரு பெட்டி போடலாம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"ஆனால் நான் உங்களுக்குப் போடமாட்டன். நீங்கள் திரும்ப நெய் விடுவியள்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் முறைத்தார். மின்சாரப் பெட்டி ஒன்றைப் பொருத்தலாம், நெருப்பு மாதிரி வெளிச்சமும் கொஞ்சம் சூடும் வரும், புகைக்கூட்டை மேலே நிரந்தரமாக மூடிவிடலாம் என்பது அண்ணையின் முடிவு. கரண்ட் இல்லாவிட்டால் சூடும் இல்லை. அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள் என்றார். பெட்டி வர ஒரு மாதமாகும். அதுவரை விறகு எரிக்கமாட்டோம் என்று நாங்கள் இருவரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னோம். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே ஒரு திருப்புளியை எடுத்து, பெட்டியின் இரும்புக் கதவைக் கீலோடு கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கோவிக்காதேங்கோ. இதை வச்சிட்டுப் போனால் எனக்கு நித்திரை வராது."

உடைந்த கண்ணாடிக் கதவைத் திருடிக்கொண்டு போன முதல் மனிதர் இவராகத்தான் இருப்பார் என்று என் கணவர் ஒரு கிழமை சொல்லித் திரிந்தார்.

சித்திரை பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது உறைமழை வந்தது. காலையிலிருந்து பெய்து, மரங்களெல்லாம் கண்ணாடி பூசியதுபோல் நின்றன. ஒவ்வொரு கிளையாக முறிந்து விழுகிற சத்தம் துப்பாக்கி வெடிபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து மணிக்குக் கரண்ட் போனது. மத்தியானத்துக்குள் வீடு விறைத்தது. பிள்ளைகள் ஜாக்கெட்டோடு ஒரே போர்வைக்குள் இருந்தார்கள். என் கணவர் கராஜிலிருந்து விறகைத் தூக்கி வந்து, கதவில்லாத அந்தப் பெட்டிக்குள் அடுக்கினார். கரண்ட் நெடுநேரம் இல்லாவிட்டால் எந்த ஃபயர்பிளேஸையும் மூட்டலாம் என்று நகரசபையே சொல்கிறது, சின்ன நெருப்புத்தானே என்றார்.

உண்மையைச் சொன்னால் என் மனமும் பாதி அந்த நெருப்பைக் கேட்டது. அவ்வளவு குளிர். ஆனால் சின்னவளின் கன்னமும் அந்தச் சுவரும் கண்ணுக்குள் வந்து நின்றன. நெருப்புப்பெட்டியை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தேன். குளியலறைக்குள் போய் அண்ணைக்குப் போன் எடுத்தேன். இவர் மூட்டப் போகிறார், என் பேச்சைக் கேட்கமாட்டார் என்றேன்.

"வாறன்" என்றார்.

உறைமழையில் வாகனத்தைத் தொடாத மனிதர். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். என் கணவர் நெருப்புப்பெட்டியைத் தேடிக் குசினியைத் தலைகீழாக்கினார். எனக்குத் தெரியாது, பிள்ளைகள் எங்கேயாவது வைத்திருப்பார்கள் என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் அப்படி இழுத்தடித்தேன். கடைசியில் சாமியறையில் கற்பூரம் கொளுத்துகிற லைட்டர் அவர் கையில் அகப்பட்டது. அவர் அதோடு பெட்டிக்கு முன்னால் குந்தியபோது வாசல்மணிக்குப் பதிலாகக் கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது.

அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை. வழியில் இரண்டு இடத்தில் வாகனம் வழுக்கிச் சுற்றி நின்றதாம். அப்போதும் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். என் கணவர் எழுந்து, நகரசபைச் சட்டத்தை அவருக்கும் ஒருதரம் சொன்னார்.

"சிட்டி உங்கட சுவரைத் தொட்டுப் பாக்கேல்லை, தம்பி."

சொல்லிவிட்டு நேரே போய், விறகு அடுக்கிய பெட்டிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். முதுகைப் பெட்டிக்குக் காட்டிக்கொண்டு, அதன் வாயை அடைத்த மாதிரி உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"நான் எழும்பமாட்டன். மூட்டுறதெண்டால் என்னோட சேத்து மூட்டுங்கோ."

வீராப்பாகச் சொல்லவில்லை. பல் கிட்டித்து, அழப்போகிற பிள்ளையின் குரலில் சொன்னார். என் கணவர் லைட்டரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் சப்பாத்துகளை எடுத்து வந்தார். ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் அவருடைய தங்கை வீட்டில் கரண்ட் இருந்தது. அண்ணைக்குத் திரும்ப வாகனம் ஓட்டுகிற தைரியம் இல்லை. அதை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு எங்கள் காரில் ஏறினார். பாலம் கடந்து முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் சுவரை உடைத்தார்கள். சின்னவள் கன்னம் வைத்துப் படுத்த இடத்துக்கு நேர் பின்னால் இருந்த மரச்சட்டம் முழு நீளத்துக்குக் கரியாகிக் கிடந்தது. ஓமத்தன்று ஒருதரம் எரிந்து, காற்றில்லாமல் தானாக அணைந்திருக்கிறது என்றார் அண்ணை. கண்ணாடி உடைந்ததால் அதன்பின் நாங்கள் விறகு எரிக்காததுதான் காப்பாற்றியது; இன்னொருமுறை சூடேறியிருந்தால் அணைந்திருக்காது. என் கணவர் ஒரு விரலால் அதைத் தொட்டார். அது உதிர்ந்து அவர் காலில் கொட்டியது. அவர் வெளியே போய் முற்றத்தில் நின்றார். நான் போகவில்லை. தரையில் கொட்டிய கரியைக் கையாலேயே கூட்டி அள்ளினேன்.

மின்சாரப் பெட்டியை அண்ணைதான் பொருத்தினார். வெறும் வெளிச்சத்தில் ஆடுகிற நெருப்பு. அதற்கும் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து, சுற்றிலும் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். போகும்போது, நான் போன பிறகு இதை நிப்பாட்டி விடுங்கோ என்றார். ஓமம் இப்போது பின்வளவில், பனியை வழித்துவிட்டு, செம்புக் குண்டத்தில் நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் அவர் அழைக்காமலே வருவார். தீயணைக்கும் சிவப்புக் குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஐயருக்குப் பின்னால் நிற்பார். ஐயருக்கு அது பிடிக்காது. எங்கள் வீட்டில் அதன்பின் ஒருவரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதில்லை.

போன ஆவணியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஐப்பசியில் அவர் மனைவி போன் எடுத்தார். கராஜை ஒழிக்கிறேன், உங்கள் கதவு இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். எங்கள் கதவா என்று கேட்டேன். எல்லாருடையதும் இருக்கு என்றார்.

மொன்ட்ரியால்-நோரில் அந்தக் கராஜின் சுவர் முழுக்கக் கொளுவிகள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புக் கதவு. எண்ணவில்லை; முப்பது இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை நாடா ஒட்டி, பென்சிலால் எழுதியிருந்தார். எங்கள் கதவில் இப்படி இருந்தது: 'இல்-பிசார். பிள்ளையள் 2. மேல் அறை. சின்னவள் சுவரோடு. தகப்பன் பிடிவாதம்.' நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஓரத்தில் ஒரு கொளுவி வெறுமனே இருந்தது. மேலே நாடா மட்டும், எழுத்து மங்கிப்போய்: லொங்குய்யில் ஒரு தெரு, ஒரு வீட்டு இலக்கம். 'பிள்ளையள் 3. மேல் அறை.' இதன் கதவு எங்கே என்று கேட்டேன்.

"அது கழட்டாமல் விட்டது" என்றார் அவர் மனைவி.

அண்ணை தொழில் தொடங்கிய முதல் வருடமாம். வெள்ளைக்காரரின் வீடு. புகைக்கூடு பிளந்திருக்கிறது, எரிக்காதீர்கள் என்றிருக்கிறார். வீட்டுக்காரர் சத்தம் போட, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு அவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு யார் சொன்னார்கள், யார் திருத்தினார்கள், ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகுதான் கதவு கழற்றுகிற பழக்கம் வந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவுக்குப் போய், காருக்குள் இருந்துகொண்டு கூரையைப் பார்ப்பாராம். புகை வந்தால் அன்று சாப்பிடமாட்டாராம்.

"ஒருநாளாவது இறங்கிப்போய் மணி அடிச்சுச் சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"அவருக்குப் பயம், பிள்ளை" என்றார்.

கதவைக் கார் டிக்கிக்குள் வைத்தேன். வெறும் கொளுவிக்கு மேலிருந்து உரித்து வந்த நாடாவை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டேன். வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். பாலத்தைக் கடந்து லொங்குய்க்குப் போனேன். ஒற்றைமாடி வீடுகளுக்கு நடுவே அது மட்டும் இரட்டைமாடி. அன்று நல்ல குளிர். புகைக்கூட்டிலிருந்து வெள்ளைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. மேல்மாடி ஜன்னலில் குழந்தைகள் ஒட்டுகிற காகித நட்சத்திரங்கள்.

அவர் காருக்குள் இருந்து பார்த்த இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பத்து நிமிடம் நானும் இறங்கவில்லை. யாரோ ஒரு பழுப்புத் தோல்காரி வந்து உன் வீடு எரியப்போகிறது என்றால் என்ன சொல்வார்கள்? பொலிசைக் கூப்பிடுவார்களா? புகை போய்க்கொண்டே இருந்தது.

நாடாவை உரித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் மணியை அடித்தேன். தோளில் கைக்குழந்தையைப் போட்டபடி ஓர் இளைஞன் கதவைத் திறந்தான். போன்ஜூர் என்றேன். காருக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய பிரெஞ்சு வசனம் அத்தனையும் பறந்துவிட்டது. நாக்கில் மிஞ்சியிருந்தது ஒரு கேள்விதான். இந்த வீட்டில் யார் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவன் முகம் சுருங்கியது. எனக்குச் சுள்ளென்று வந்த அதே கோபம் அவனுக்கும் வருவதைப் பார்த்தேன். என் கையில் இருந்த நாடாவை நீட்டி, அவன் வீட்டு இலக்கத்தைக் காட்டினேன். புகைக்கூடு, பிள்ளைகள், மேல் அறை என்று உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். அவன் நாடாவைப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, மாடிப்படியைப் பார்த்தான்.

நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.